மொட்டைக் குன்றுக்கு மரம் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

அமேசான் காடு அழிவதைப் பற்றித் தொடர்ந்து படித்து வருகிறேன். மாட்டுப் பண்ணைக்கும் சோயாவுக்கும் ஒரு காட்டையே காலி செய்கிறார்கள் என்பது தூக்கத்தைக் கெடுக்கிறது. போன மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் வந்தபோதுதான் மனசு கொஞ்சம் ஆறியது. வழியெல்லாம் பச்சை. மன்னவனூர்ப் பக்கம் மட்டும் சில குன்றுகள் மரமே இல்லாமல் மொட்டையாகக் கிடந்தன. எங்கள் நண்பர் குழு வருகிற மழைக்கு அங்கே ஐயாயிரம் மரக்கன்றுகள் நடலாம் என்று இருக்கிறோம். இன்னொன்றும் கேட்க வேண்டும். காட்டுக்குள் இருக்கிற பளியர் என்கிற பழங்குடிகளுக்குக் கீழே வீடும் பள்ளிக்கூடமும் கட்டிக் கொடுத்து இறக்கிவிட்டால், காடும் பிழைக்கும், அவர்களும் முன்னேறுவார்கள் அல்லவா?

க., ஒட்டன்சத்திரம்

அன்புள்ள க.,

கன்றுகளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, அவற்றுக்கு வேறு இடம் சொல்கிறேன்.

நீங்கள் மொட்டை என்று நினைத்த குன்றுகள்தான் கொடைக்கானலின் உயரமான மேல்மலையில் மிச்சமிருக்கிற பழைய நிலம். மனசை ஆற்றிய பச்சையில் பெரும்பகுதி மனிதன் நட்டது. வாட்டில் என்கிற வேல இன மரம், யூகலிப்டஸ், பைன். நீங்களும் பைன் காட்டில் நின்று படம் எடுத்திருப்பீர்கள், எடுக்காதவர் யார்? அடுத்த முறை அங்கே இரண்டு நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள். தரையெல்லாம் ஊசிச் சருகு, அதற்கு அடியில் ஒரு பூண்டுகூட எட்டிப் பார்க்காது. குருவிச் சத்தமும் அபூர்வம்.

இந்த உயரத்தில் மலையின் இயல்பு வேறு. மேடெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் சோலை. டிசம்பர், ஜனவரியில் விழுகிற உறைபனி திறந்த மேட்டில் முளைக்கிற கன்றைக் கருக்கிவிடும், புல் தாங்கிக்கொள்ளும். அதனால் மரங்கள் ஈரமும் ஒதுக்கமும் உள்ள பள்ளங்களிலேயே நெருக்கியடித்து நிற்கின்றன. அமேசானின் மரங்களைப்போல வானத்தை முட்டுகிற உயரமெல்லாம் கிடையாது. முறுக்கிய குட்டை மரம், உடம்பெல்லாம் பாசி. ஆனாலும் சோலை மழைக்காட்டுக்குப் பங்காளிதான். சோலை என்ற நம் சொல்லையே வெள்ளைக்காரத் தாவரவியலும் எடுத்துக்கொண்டது. பேரிஜம் போகிற வழியில் மதிகெட்டான் சோலை இருக்கிறது. உள்ளே போனால் திசை கெடும், மதியும் கெடும் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

புல்வெளி வெள்ளைக்காரன் கணக்கில் தரிசு. வரி தராது, விறகு தராது. அதனால் ஆஸ்திரேலியாவிலிருந்து மரங்களைக் கொண்டுவந்தான். அதற்குப் பிறகு அவனையே விஞ்சியவர்கள் நாம். தோல் பதனிட வாட்டில் பட்டை வேண்டும், ரேயான் துணிக்கு மரக்கூழ் வேண்டும் என்று சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் குன்று குன்றாக நட்டோம். நீலகிரியில் தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளிக்கும் இதே கதிதான். அங்கே வாட்டிலைச் சீகை என்பார்கள். தோடர் கோயிலுக்குக் கூரை வேய ஈரநிலத்தில் வளர்கிற ஒருவகைப் புல் வேண்டும், இப்போது அதைத் தேடி அலைகிறார்கள். கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. அமேசானில் வெட்டி அழித்தார்கள். நாம் நட்டு அழித்தோம். புகை வரவில்லை என்பதால் யாரும் செய்தி போடவில்லை.

நட்டவர்களில் நானும் ஒருவன். பள்ளியில் படிக்கும்போது வன மகோத்சவம் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம், ஆளுக்கு இருபது கன்று. புல்லைக் கொத்தி எறிந்துவிட்டுக் குழி தோண்டினோம். கொத்திய இடத்தில் தண்ணீர் ஊறியது, சட்டையெல்லாம் சேறு. மலை உச்சியில் சேறு எப்படி வந்தது என்று கேட்க எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை, வாத்தியாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பங்குனியில் அந்த இடத்துக்குப் போனேன். வாட்டில் கம்பு கம்பாக நிற்கிறது, தரை ஓடு மாதிரி காய்ந்திருக்கிறது. செருப்போடு நடந்தேன், ஈரமே ஒட்டவில்லை.

அந்தச் சேறுதான் விஷயம். புல்லும் அதன் அடியிலிருக்கிற கறுப்பு மண்ணும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் கசியவிடும். உங்கள் பக்கத்துப் பரப்பலாறு, பழனிக்காரர்களின் பொருந்தலாறு எல்லாம் இந்த மலையிலிருந்து இறங்குகிறவைதான். புல் போனதால் காட்டு மாடுகளுக்கும் மேய்ச்சல் சுருங்கியது. அவை இப்போது கொடைக்கானல் பேருந்து நிலையம் வரை வருகின்றன. வந்தால் ‘ஊருக்குள் புகுந்த காட்டெருமை’ என்று தலைப்புப் போடுகிறோம்.

சரி, வாட்டிலை எல்லாம் ஒரேயடியாக வெட்டிவிடலாமா என்று கேட்பீர்கள். அதுவும் அவ்வளவு லேசில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். மேலே வெளிச்சம் பட்டால் கீரைப்பாத்தி போல முளைக்கும். பழைய வாட்டில் காடுகளில் சில இடங்களில் அதன் நிழலிலேயே சோலைக் கன்றுகள் வருகின்றன, அவற்றையும் சேர்த்து மிதித்துவிடக் கூடாது. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று இடம் பார்த்துச் செய்கிற வேலை அது. வெட்டிய பிறகு வருடா வருடம் வந்து முளையைப் பிடுங்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது.

கீழ்மலையில், தாண்டிக்குடிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பளியர் பெரியவரோடு கிழங்கு தோண்டப் போயிருந்தேன். காய்ந்த கொடி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார், வேண்டாம் என்று விட்டார். நாலாவது கொடிக்கு உட்கார்ந்தார். இரும்பு முனை வைத்த குச்சியால் பக்கவாட்டில் தோண்டி, முழங்கை ஆழம் போனதும் கையை விட்டுக் கிழங்கை உருவினார். அப்புறம் கொடி ஒட்டியிருந்த தலையை ஒரு சாண் அளவுக்கு ஒடித்துத் திரும்பவும் குழிக்குள் வைத்தார், மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார். எதற்குத் தாத்தா என்றேன். சாப்பிட்ட கையை எதற்குக் கழுவுகிறாய் என்று கேட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். “தலைய வைக்காமப் போனா அடுத்த வருசம் எங்க வந்து தோண்ட, சாமி?”

இதை வைத்து எல்லாப் பளியரும் காட்டின் காவல் தெய்வம் என்று நான் மாலை போடவில்லை. கல்பாசிக்கு நல்ல விலை வந்தால் மரத்தைச் சுரண்டி எடுத்தவர்களும் உண்டு, விலை வைத்த வியாபாரி கீழே இருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இறக்கிவிட்டால் காடு பிழைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. நீங்கள் வருந்துகிற பிரேசிலையே பாருங்கள். 1961-ல் பழங்குடிகளுக்கு என்று ஒதுக்கிய ஷிங்கு நிலம், சுற்றிலும் சோயா வயலும் மாட்டுப் பண்ணையும் சூழ்ந்த நடுவில் இன்றும் காடாகவே நிற்கிறது. செயற்கைக்கோள் படத்தில் அதன் எல்லையை விரலால் வரையலாம்.

பள்ளிக்கூடம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? வேண்டும், நல்ல பள்ளிக்கூடமாகவே வேண்டும். மலையைவிட்டு இறங்கினால்தான் படிப்பு என்பதை ஏன் நிபந்தனை ஆக்குகிறோம் என்பதுதான் என் கேள்வி. சமவெளியிலிருந்து பணம் கட்டிப் பிள்ளைகளை மலையேற்றிக் கொடைக்கானலில் சேர்க்கிறோமே! பிறகு இது நம் கருணை சம்பந்தப்பட்ட விஷயமும் அல்ல. 2006-ன் வன உரிமைச் சட்டம் குடியிருக்கிற, உழுகிற நிலத்துக்கும், தேன், கிழங்கு போன்ற சிறு வன மகசூலுக்கும் உரிமை கொடுக்கிறது. இந்த மலையில் ஒரு பெரிய பகுதி 2013-ல் சரணாலயம் ஆனது. சரணாலயத்துக்குள்ளும் கிராம சபை மனமுவந்து சம்மதிக்காமல் யாரையும் இடம் மாற்ற முடியாது. கீழே இறங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்றால், நான் பார்த்தவரை காப்பித் தோட்டத்தில் தினக்கூலி. ஒரு கொடியைத் தொட்டே கிழங்கு முற்றியதா இல்லையா என்று சொல்கிற கைக்கு அங்கே களை பிடுங்கும் வேலை.

உங்கள் ஐயாயிரம் கன்றுகளுக்கு வருகிறேன். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கண்மாய்க் கரைகளுக்கும் சாலையோரங்களுக்கும் புங்கன், வேம்பு, இலுப்பை, மருது என்று மாற்றிச் சொல்லுங்கள். நாற்றுப்பண்ணைக்காரர் மாற்றித் தருவார். மேல்மலைக்குக் குழுவோடு வர ஆசையென்றால் மழை முடிந்து வாருங்கள், வாட்டில் முளை பிடுங்கலாம். வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இடுப்பு ஒடியும், படம் எடுத்தால் அழகாகவும் இருக்காது. சோலைக்குள் அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்புகிற வழியில் தாண்டிக்குடிப் பெரியவரையும் பார்த்துவிட்டு வரலாம். அவருக்கு வெற்றிலை, பாக்கு, கூடவே நல்ல சுண்ணாம்பு. இங்கே கடையில் கிடைக்கிற சுண்ணாம்பு நாக்கை வேகவைக்கிறதாம்.