சம்பளச் சீட்டில் 'பி.ஆர்.' என்று மாறிவிட்டதா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். ஜூன் கடைசியில் ஒரு கேர் ஹோம் வேலையை விட்டு, ஜூலையில் இன்னொரு கேர் ஹோமில் சேர்ந்தேன். இரண்டிலும் மாதச் சம்பளம் 2,000 பவுண்ட். ஆனால் புது இடத்தில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் கைக்கு 210 பவுண்ட் குறைவாக வந்தது. பழைய பேஸ்லிப்பில் டாக்ஸ் கோட் 1257எல், புதியதில் பி.ஆர். வேலையை விடும்போது தரும் பி45 வரிப் படிவம் பழைய இடத்திலிருந்து இன்னும் வரவில்லை. 'எங்களால் மாற்ற முடியாது' என்கிறார் புது மேனேஜர். வழக்குப் போடலாமா? ஸ்பான்சர் விசாவில் இருக்கிறேன். வரி விஷயத்தைக் கிளறினால் விசாவுக்குப் பாதிப்பு வருமா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடுதலாகப் பிடித்த வரியைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை. அதனால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. இந்தப் பயத்தாலேயே நம்மவர்கள் பலர் வாயைத் திறக்காமல் மாதாமாதம் பணத்தை விடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

சரி, கோட் என்ன சொல்கிறது? 1257எல் என்றால் வருடம் 12,570 பவுண்ட் வரை உங்களுக்கு வருமான வரி இல்லை. மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 1,048 பவுண்ட். மீதிக்கு 20 சதவீதம் போட்டால் வரி 190 பவுண்ட் சொச்சம். பி.ஆர். என்றால் பேசிக் ரேட்: வரியில்லாத தொகையே கிடையாது, முழு 2,000-க்கும் 20 சதவீதம், அதாவது 400. நீங்கள் சொல்லும் 210 இந்த வித்தியாசம்தான். நேஷனல் இன்ஷூரன்ஸ் தனிக் கணக்கு, கோட் அதைத் தொடாது.

மேனேஜர் சொன்னது உண்மை. எச்.எம்.ஆர்.சி. (பிரிட்டன் வரித்துறை) அனுப்பும் கோடைத்தான் முதலாளி போட வேண்டும், இஷ்டத்துக்கு மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. வழக்குக்கு இடமில்லை. தவறு இரண்டில் ஒரு இடத்தில் நடந்திருக்கும். பழைய கேர் ஹோம் உங்கள் கடைசி நாளை எச்.எம்.ஆர்.சி.க்குத் தெரிவிக்காமல் இருந்தால், அவர்கள் கணக்கில் நீங்கள் இன்னும் அங்கேயும் வேலை பார்க்கிறீர்கள். வரியில்லாத தொகை அந்த வேலையிலேயே தங்கிவிடும். அல்லது பி45 இல்லாததால் சேரும்போது நிரப்பிய ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் படிவத்தில் 'சி' வாசகம் விழுந்திருக்கும். வேறு வேலையும் இருப்பவர்களுக்கானது அது. உங்களுக்குரியது 'பி': இப்போது இது ஒன்றே வேலை, ஆனால் வரி வருடம் தொடங்கிய ஏப்ரல் 6-க்குப் பிறகு வேறு வேலை இருந்தது.

இன்றைக்கே எச்.எம்.ஆர்.சி. ஆப்பிலோ இணையத்தில் பெர்சனல் டாக்ஸ் அக்கவுண்டிலோ நுழையுங்கள். உங்கள் வேலைகளின் பட்டியலில் பழைய கேர் ஹோம் முடிவுத் தேதி இல்லாமல் நிற்கிறதா பாருங்கள். நின்றால் தேதியைச் சொல்லித் திருத்தக் கேளுங்கள். பழைய இடத்துக்கும் பி45 கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வேலையை விட்டவருக்கு அதைக் கொடுக்க வேண்டியது அவர்களின் சட்டக் கடமை.

செப்டம்பர் சம்பளத்துக்குள் கோட் வெறும் 1257எல் ஆகிவிட்டால், ஏப்ரலிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். கூடுதலாகப் போன 420-இல் செப்டம்பர் மாத வரி 190 கழிந்து, சுமார் 230 பவுண்ட் சம்பளத்தோடு உங்கள் கைக்கே வரும். ஆனால் 1257எல் எம்1 என்று வந்தால் கவனம். எம்1 ஒவ்வொரு மாதத்தையும் தனியாகப் பார்க்கும்; இனிமேல் பிடிப்பது சரியாக இருக்கும், போன 420 அப்படியே நிற்கும். எம்1-ஐ எடுக்கச் சொல்லி மறுபடி கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால், ஏப்ரல் 5-க்குப் பிறகு வருடக் கணக்கு முடித்து எச்.எம்.ஆர்.சி. பி800 என்ற வரிக் கணக்குக் கடிதம் அனுப்பும். அதுவும் வராவிட்டால் அந்த வரி வருடம் முடிந்து நான்கு வருடத்துக்குள் நீங்களே கேட்டு வாங்கலாம். 'ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம்' என்று வரும் ஏஜென்டிடம் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பணத்தில் அவர்கள் பங்கு எடுப்பார்கள், நீங்களே கேட்டால் ஒரு பென்னி செலவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாளைக்கு உங்கள் விசா அனுமதிக்கும் இரண்டாவது வேலை ஒன்றை எடுத்தால், வரியில்லாத தொகை முதல் வேலையிலேயே போய்விடுவதால் அங்கே பி.ஆர். போடுவதுதான் பொதுவாகச் சரி. போன வருடம் ஒரு தம்பி பிரிக்காத பழுப்பு உறைகளை ஒரு பையில் போட்டு என் மேசையில் வைத்தார். இரண்டு வேலைக்கும் 1257எல் ஓடியிருந்தது. கை நிறையச் சம்பளம் வருகிறதே என்று சந்தோஷமாக இருந்துவிட்டார். அந்தப் பையிலேயே, கோட் எப்படிப் போட்டிருக்கிறது என்று எச்.எம்.ஆர்.சி. அனுப்பிய பி2 கடிதமும் இருந்தது. குறைவாகப் பிடித்த வரியை அடுத்த வருடத்துக் கோடைக் குறைத்து மாதாமாதம் பிடித்தார்கள்.

நீங்கள் விவரம் கொடுத்த பிறகும் எச்.எம்.ஆர்.சி. திருத்த மறுத்தால், அந்தக் கோடை எழுத்தில் ஆட்சேபிக்கவும், தீராவிட்டால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது. செப்டம்பர் பேஸ்லிப் வந்ததும் கோடின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்; எம்1 ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பேஸ்லிப்போடு எனக்கு எழுதுங்கள்.