காருக்குள் இனிப்பு வாசனை, காலடியில் ஈரம்

கேள்வி: என்னுடையது 2003 மாடல் சின்ன பெட்ரோல் கார். ஒரு மாதமாக ஹீட்டர் போட்டால் இனிப்பாக ஒரு வாசனை வருகிறது. முன் கண்ணாடி உள்பக்கம் மங்குகிறது, துணியால் துடைத்தால் இன்னும் மோசம். இடப்பக்க சீட்டுக்கு முன்னால் கார்பெட் நனைந்திருக்கிறது. ரேடியேட்டரில் வாரம் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனால் காருக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. ஹீட்டர் கோர் போய்விட்டது, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். லீக் அடைக்கும் மருந்து ஊற்றிச் சமாளிக்கலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: மருந்து வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அதை ஊற்றியவன்தான். லீக் நாலு நாள் நின்றது, ஐந்தாம் நாள் திரும்ப ஆரம்பித்தது, மருந்து மட்டும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் ஒரு வேலைக்கு இரண்டு வேலையாகச் செலவழித்தேன்.

உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக அதற்குள் ஓடும், ஃபேன் அதன் வழியாகக் காற்றைத் தள்ளும். அது ஓட்டையானால் கூலன்ட் ரோட்டில் சொட்டாது, உங்கள் கார்பெட்டில்தான் இறங்கும். இனிப்பு வாசனை கூலன்ட்டில் உள்ள கிளைக்காலுடையது, கண்ணாடியில் படிவதும் அந்த ஆவிதான். ஆனாலும் டேஷ்போர்டில் கை வைப்பதற்கு முன் ஒரு வெள்ளை டிஷ்யூவை கார்பெட்டில் அழுத்திப் பாருங்கள். பச்சையோ சிவப்போ ஒட்டி, விரலில் வழவழவென்று இருந்தால் கூலன்ட். நீங்கள் வாரக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றியதால் நிறம் வெளுத்திருக்கலாம், அப்போது வாசனையை நம்புங்கள். கோருக்குப் போகும் ஹோஸ்களின் கிளாம்ப்பையும் பார்க்கச் சொல்லுங்கள், சில சமயம் அங்கே கசிந்துதான் கோருக்குக் கெட்ட பெயர் வரும்.

ஹீட்டரை ஆஃப் செய்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பல கார்களில் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் கூலன்ட் அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தவிர, உங்கள் உயரத்தில் வெறும் தண்ணீர் 94 டிகிரிக்கே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பிடித்து வைக்கும் அழுத்தமும் கூலன்ட்டும்தான் அதைக் கொதிக்கவிடாமல் வைத்திருக்கின்றன. நீங்களோ லீக்கினால் அழுத்தத்தையும் இழக்கிறீர்கள், தண்ணீர் ஊற்றிக் கூலன்ட்டையும் நீர்க்கச் செய்கிறீர்கள். மேட்டுப்பாளையம் போய்விட்டு மலை ஏறும்போது இரண்டாவது கியரில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது பைபாஸ். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கேபினுக்குள் நுழையும் அந்த இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, ஒன்றோடு ஒன்று ஒரு பித்தளை ஜாயின்ட் போட்டுக் கிளாம்ப்பால் இறுக்கிவிட வேண்டும். அரை மணி நேர வேலை. இரண்டையும் தனித்தனியாக அடைக்கச் சொல்லாதீர்கள், சில இன்ஜின்களில் அந்த வழியாகக் கூலன்ட் சுற்றி வந்தால்தான் இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்யும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாயும் வேண்டவே வேண்டாம், சூட்டில் இளகிவிடும். முடிந்ததும் கூலன்ட் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்.

சமவெளியில் இருப்பவர் என்றால் இதோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். கோத்தகிரியில் டிசம்பர் காலை ஆறு மணிக்கு ஹீட்டர் இல்லாமல் கண்ணாடி தெளிய நீங்கள் என்ன பாடுபடுவீர்கள் என்பது தெரியும் (ஏசி வேலை செய்தால் அதைப் போடுங்கள், ஈரத்தை உறிஞ்சிவிடும்). அதனால் கோடையை பைபாஸில் ஓட்டிவிட்டு, குளிருக்கு முன் கோரை மாற்றிவிடுங்கள். இந்த வேலையில் பொருளைவிடக் கூலிதான் அதிகம், சில கார்களுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். பழைய கோர் பித்தளையாக இருந்தால் ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்துத் தருவார்கள், அலுமினியம் என்றால் புதிதுதான். டேஷ்போர்டு திறந்திருக்கும்போதே ஹோஸ்களையும் மாற்றி, ஏசி கூலிங் காயிலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், இன்னொரு தடவை கழற்ற மனசு வராது. கடைசியாக, பழைய தண்ணீர் மொத்தத்தையும் ஃப்ளஷ் செய்துவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் புதுக் கோரும் அரித்துப் போகும்.

வடித்த கூலன்ட்டை வாசலில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், அது விஷம்.

கேள்வி: ஏசி போட்டால் மட்டும் காலடியில் தண்ணீர் வருகிறது. இதுவும் ஹீட்டர் கோரா?
- வாசகி, சென்னை

பதில்: இல்லை. நிறமும் வாசனையும் இல்லாத தண்ணீர் என்றால் ஏசியின் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. ஏசி ஓடும்போது காருக்கு அடியில் சொட்ட வேண்டிய தண்ணீர்தான் உள்ளே வருகிறது. கீழிருந்து கொஞ்சம் காற்று அடித்தால் தூசி வெளியே வந்துவிடும், டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் வேறு மெக்கானிக்கிடம் போங்கள்.