அமெரிக்காவில் கல்லூரி அணியில் ஆடும் பெண், தொழில்முறைக் கால்பந்துக்குப் போவது எப்படி?

டிராஃப்டை, அதாவது கல்லூரி வீராங்கனைகளை அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை, மனதில் வைத்துக் கேட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அமெரிக்கப் பெண்கள் கால்பந்தின் முதல்நிலை லீக்கான என்டபிள்யூஎஸ்எல் 2024 ஆகஸ்டில் வீராங்கனைகள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் கல்லூரி டிராஃப்டையே எடுத்துவிட்டது. 2024 ஜனவரியில் நடந்ததுதான் கடைசி. அதில் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் அலி சென்ட்னரை யூட்டா ராயல்ஸ் முதல் ஆளாக எடுத்தது. அதுவரை யார் எந்த ஊருக்குப் போவது, எந்தப் பயிற்சியாளரிடம் ஆடுவது என்பதையெல்லாம் அணிகள்தான் தீர்மானித்தன. இப்போது எந்த அணியோடும் நேரடியாகப் பேசலாம், பிடிக்காவிட்டால் மறுக்கலாம். கையெழுத்தான ஒப்பந்தத்தின் சம்பளத்துக்கு உத்தரவாதம் உண்டு. வீராங்கனையின் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு மாற்றவும் முடியாது.

நல்ல மாற்றம்தான். ஆனால் முன்பு கடைசிச் சுற்றிலாவது பெயர் வரும் என்று காத்திருந்த நடுத்தர வீராங்கனைகள், இனி தாங்களே முன்கூட்டி வேலை செய்ய வேண்டும்.

அந்த வேலை கடைசி வருடத்துக்கு முந்தைய கோடையிலேயே தொடங்குகிறது. 2022-இல் ஆரம்பித்த யூஎஸ்எல் டபிள்யூ லீக் கோடை விடுமுறையில் நடக்கிறது. சம்பளம் வாங்காமல் ஆடலாம், கல்லூரி அணியில் ஆடும் தகுதிக்குப் பாதிப்பில்லை. அணிகளுக்கு அனுப்பும் வீடியோ நான்கைந்து நிமிடம் போதும். அதோடு, வெட்டாத இரண்டு முழு ஆட்டங்களையும் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள். எதிரணி வலுவாக இருந்த ஆட்டங்களாக அவை இருக்கட்டும். கோல்களை மட்டும் கோத்த வீடியோவைப் பார்த்து யாரும் ஒப்பந்தம் தருவதில்லை. பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பிப் பார்க்கிறாரா, முதல் தொடுதலிலேயே நெருக்கடியிலிருந்து விலகுகிறாரா, பந்தை இழந்த அடுத்த மூன்று நொடியில் என்ன செய்கிறார் என்பதைத்தான் தேர்வாளர்கள் தேடுவார்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், அதற்குப் பிரதிநிதியும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கல்லூரி ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே, தொழில்முறை ஒப்பந்தம் பேசித் தர ஒரு ஏஜென்ட்டோடு வாய்வார்த்தையாக உடன்பட்டால்கூடத் தகுதி பறிபோகும். யாரோடும் பேசுவதற்கு முன் கல்லூரியின் விதிமுறை அலுவலரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இனி மைதானத்துக்கு வருவோம். கல்லூரியில் நட்சத்திரமாக இருந்தவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் திறமைக் குறைவால் அல்ல, விதி வேறுபாட்டால். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் வெளியே போனவர் ஒருமுறை திரும்பி வரலாம். அதனால் இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓடி எதிரணியை நெருக்கிவிட்டு, உட்கார்ந்து மூச்சு வாங்கி, மறுபடி இறங்குவது அங்கே சாதாரணம். தொழில்முறையில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள்தான், வெளியே போனால் போனதுதான். அதே பழக்கத்தோடு வரும் ஒரு நடுக்கள வீராங்கனையைப் பாருங்கள்: 65-ஆவது நிமிடத்துக்கு மேல் பந்தைத் துரத்துவதில் ஓரடி பிந்துவார், அந்த ஓரடியில் ஃபவுல் ஆகும், மஞ்சள் அட்டை வரும். எப்போது நெருக்குவது, எப்போது நின்று இடத்தை மூடுவது என்று தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைக் கல்லூரியிலேயே தொடங்க வேண்டும். பயிற்சியாளரிடம் கேட்டு முழு 90 நிமிடம் ஆடிப் பழகுவது பெரிய உதவி.

கால அட்டவணையும் உடம்பைப் பதம் பார்க்கும். கல்லூரிப் பருவம் ஆகஸ்டில் தொடங்கும், கடைசிவரை போகும் அணிக்கு டிசம்பரில்தான் முடியும். ஜனவரியில் தொழில்முறை அணிகளின் முன்பருவப் பயிற்சி ஆரம்பம், மார்ச்சிலிருந்து நவம்பர் வரை லீக். இடையில் கிடைக்கும் சில வாரங்களில் முதல் இரண்டை ஓய்வுக்கே விடுங்கள். பிறகு ஓட்டத்தை வாரவாரம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். முழுதாகப் படுத்துவிட்டு ஒரேயடியாக ஏற்றினால் தொடைத் தசைக் கிழிசலும் எலும்பில் நுண்விரிசலும் வரும். முழங்காலின் ஏசிஎல் தசைநார்க் காயம் பெண்களுக்கு அதிகம் என்பதால், ஃபிஃபா 11+ என்கிற இருபது நிமிட வார்ம்-அப்பை வாரம் இரண்டு முறையாவது செய்தே ஆக வேண்டும். தரையிறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்காமல் இருப்பதுதான் அதில் முக்கியம்.

காயம் பட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்கத் தேசிய அணி வீராங்கனை நவோமி கிர்மாவுக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஏசிஎல் கிழிந்தது. திரும்பி வந்தார், 2022 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சி அணிக்கு மாறியபோது, பெண்கள் கால்பந்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் மாற்றுத்தொகை (பழைய அணிக்குப் புது அணி தரும் பணம்) அவருடையதுதான். சோஃபியா ஸ்மித் கல்லூரியில் இரண்டே பருவம் ஆடிவிட்டு 2020-இல் வந்தார். டிரினிட்டி ராட்மன் கல்லூரி ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் 2021-இல் வந்தார். சீக்கிரம் வருவது இவர்களுக்குச் சரியாக அமைந்தது. ஆனால் இவர்கள் சிறுவயதிலேயே தேசிய இளையோர் அணிகளில் ஆடியவர்கள் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

அணியைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தைவிட ஆட்ட நேரத்தைப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 6,000 டாலர், 2025-இல் 48,500 டாலர். ஆகவே அடிப்படை வாழ்க்கைக்கு எந்த அணியிலும் வழி உண்டு. நீங்கள் ஆடும் இடத்தில் ஏற்கெனவே யார் ஆடுகிறார், அவர் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, தேசிய அணிக்காக அவர் எத்தனை வாரம் போவார், இளம் வீராங்கனைகளைப் பயிற்சியாளர் உண்மையிலேயே இறக்கியிருக்கிறாரா: பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டியவை இவை.

அழைப்பு எதுவும் வராவிட்டால், ஒப்பந்தம் இல்லாமல் முன்பருவ முகாமுக்கு வர அனுமதிக்கச் சொல்லி அணிகளுக்கு எழுதுங்கள். யூஎஸ்எல் சூப்பர் லீக் 2024 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, அதற்கும் முதல்நிலை அந்தஸ்து உண்டு. என்டபிள்யூஎஸ்எல் அணியில் ஒரு வருடம் பெஞ்சில் உட்காருவதைவிட அங்கே தொடர்ந்து ஆடுவது 22 வயதுப் பெண்ணுக்கு நல்லது. வெளிநாட்டு மாணவியாக இருந்தால் இன்னொன்று: மாணவர் விசாவில் சம்பளத்துக்கு ஆட முடியாது. விளையாட்டு வீரர்களுக்கான பி-1 (P-1) விசாவுக்கு அணிதான் விண்ணப்பிக்க வேண்டும், அதனால் கையெழுத்திடுவதற்கு முன்பே அந்தப் பேச்சை எடுங்கள்.