துணி அலங்காரத்துக்கு அச்சுகளையும் மணிகளையும் வீட்டிலேயே செய்யலாமா, கடையில் வாங்குவதுதான் நல்லதா? வீட்டில் செய்ததை நாலு பேர் மதிப்பார்களா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். தாராளமாகச் செய்யலாம், நன்றாகவே வரும். இரண்டாவதாக "நாலு பேர் மதிப்பார்களா" என்று கேட்டிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. குஷன் உறையிலோ சுவரில் மாட்டும் துணியிலோ ஏதோ செய்து பார்த்திருக்கிறீர்கள், "இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்வது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அதைவிடக் கடுமையாகச் சொன்னார்கள்.

நான் மும்பையில் செம்பூரில் இருக்கிறேன். ரவிக்கை தைப்பது தொழில். நவராத்திரி நெருங்கினால் கொலுவுக்குச் சின்னத் தொம்பைகள் செய்து தருவேன். கோயில் தேரிலும் மண்டபத்திலும் உருளை வடிவத்தில் தொங்குமே, வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டுவேலையாகத் தைத்தது, அதுதான் தொம்பை. நான் செய்வது ஒரு முழ உயரம்கூட இருக்காது. ஒட்டுவேலைக்கு நடுவில் சிக்குக் கோலம் அச்சடிப்பேன்.

அந்தக் கோலத்துக்காகத்தான் அச்சு வெட்டக் கற்றுக்கொண்டேன். இங்கே நான் பார்த்த மர அச்சுகளில் மாங்காய் உண்டு, பூச்சரம் உண்டு, யானையும் மயிலும் உண்டு. புள்ளியைச் சுற்றி வளைந்து போகும் நம் கோலம் இல்லை. மர அச்சுகளைக் குறைத்துச் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். குஜராத்தில் காந்திநகரை ஒட்டிய பேத்தாபூரில் தலைமுறை தலைமுறையாகத் தேக்கில் அச்சு செதுக்குகிறார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி அச்சு, காற்று வெளியேறச் சிறு துளைகள், மரம் வெடிக்காமலிருக்க எண்ணெயில் ஊறவைப்பது என்று அது பெரிய வித்தை. அவர்களோடு நான் போட்டி போடவில்லை. எனக்கு வேண்டிய வடிவம் கடையில் இல்லை, அதனால் நானே செய்துகொண்டேன்.

நான் பயன்படுத்துவது செருப்பு ரப்பர். தாராவியில் செருப்புத் தைப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் ஹவாய்ச் செருப்பின் அடிப்பாகத்துக்கான ரப்பர் ஷீட்டாகவே கிடைக்கும். புத்தம் புதியது, எந்தக் காலும் படாதது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன். சின்ன வடிவங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரே போதும்.

கோலத்தை பட்டர் பேப்பரில் மெத்தென்ற பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கத்தை ரப்பர் மேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் கோடு இடவலம் மாறி ரப்பரில் ஏறிவிடும். தமிழ் எழுத்தை அச்சாக்க நினைத்தாலும் இதே வழிதான், துணியில் நேராக விழும். வெட்டும்போது கத்தி கோட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும். அப்போதுதான் கோட்டின் அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் நிற்கும். உட்பக்கம் குடைந்துவிட்டால் அழுத்தியதும் கோடு சாய்ந்து இரட்டைக் கோடாக விழும், கொஞ்ச நாளில் பிய்ந்தும் போகும். வளைவு வந்தால் கத்தியைத் திருப்பாதீர்கள், கத்தியை நிறுத்தி ரப்பரைத் திருப்புங்கள். வெட்டி முடித்ததை மரத்துண்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். கத்தி பிடிக்கப் பயமாக இருந்தால், மரத்துண்டில் ஃபெவிகாலால் பருத்திக் கயிற்றைக் கோலம் போல வளைத்து ஒட்டி மேலே வார்னிஷ் பூசிவிடுங்கள். அதுவும் நல்ல அச்சுதான்.

துணியில் கஞ்சி இருந்தால் எந்த அச்சும் தோற்கும். முதலில் துவையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும், முத்தாக நின்றால் மறுபடி துவைக்க வேண்டும். மேசையில் பழைய கம்பளியை மடித்துப் போட்டு அதன் மேல் துணியை விரியுங்கள். வண்ணத்தில் அச்சை முக்காமல், பஞ்சால் மெல்லியதாக ஒற்றி எடுங்கள். தூக்கும்போது அச்சு துணியையும் பிடித்து இழுத்தால் வண்ணம் அதிகம் என்று அர்த்தம். ஃபெவிக்ரில் போன்ற துணி வண்ணம் என்றால் ஒரு நாள் முழுதும் உலரவிட்டு, துணியைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போடுங்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது புட்டியிலேயே இருக்கும்.

இனி அந்தச் செருப்பு விவகாரம். மாட்டுங்காவில் ஒரு வீட்டுக் கொலுவுக்கு என் தொம்பைகளை வாங்கியிருந்தார்கள். வெற்றிலை பாக்குக்கு நானும் என் அத்தையும் போயிருந்தோம். வந்திருந்த ஒரு மாமி கோலத்தைத் தடவிப் பார்த்து, "இவ்வளவு துல்லியமாக இருக்கிறதே, ஜெய்ப்பூர் அச்சா?" என்று கேட்டார். நானே வெட்டியது என்றேன். எதில் என்றார். சொன்னேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஏம்மா, செருப்பையா சாமி முன்னால் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறாய்?"

கடையிலிருந்து வந்த புது ரப்பர் என்றேன். காதில் விழவில்லை. அப்போது என் அத்தை பேசினார்: "கோயிலில் தவில் வாசிக்கிறார்கள், கச்சேரியில் மிருதங்கம் வாசிக்கிறார்கள். அதெல்லாம் எந்தத் தோல் மாமி? மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும்தானே?" மாமியிடம் பதில் இல்லை. ஆனாலும் வீட்டுக்காரர்கள் சங்கடப்பட்டு ஆரத்திக்கு முன்னால் தொம்பைகளைக் கழற்றிவிட்டார்கள். மறுநாள் அவை என் வீட்டுக்கே திரும்பி வந்தன. அந்த ஆண்டு என் வீட்டுக் கொலுவில் அவற்றைத்தான் மாட்டினேன்.

யாருடைய பக்தியையும் நான் குறை சொல்லவில்லை. ஜெய்ப்பூர் என்று நினைத்தவரை துல்லியமாக இருந்த கோடு, ரப்பர் என்று தெரிந்ததும் எப்படிக் கெட்டுப்போனது என்றுதான் கேட்கிறேன். ஆகவே உங்கள் கேள்விக்கு என் நேர்மையான பதில்: சிலர் மதிக்க மாட்டார்கள். நல்ல கோட்டைப் பார்த்தால் தெரிந்துகொள்ளும் கண் உள்ளவர்கள் மதிப்பார்கள், அவர்கள்தான் மறுபடி வாங்க வருவார்கள். எனக்கு இன்றுவரை நவராத்திரிக்கு வேலை இருக்கிறது.

அலங்காரப் பொருள்களையும் கேட்டிருந்தீர்கள். ரவிக்கைத் துணியின் மிச்சத்தை நீள முக்கோணமாக வெட்டி, துணியில் பசை தடவிப் பின்னல் ஊசியில் சுருட்டினால் நடுவில் பருத்த மணி கிடைக்கும். கொட்டாங்கச்சித் துண்டை உப்புத்தாளில் தேய்த்து, இரண்டு துளை போட்டு, தேங்காய் எண்ணெய் தடவினால் பொத்தான். பாலியஸ்டர் ஆர்கன்சாவை இதழாக வெட்டி மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் காட்டினால் ஓரம் உருகிச் சுருண்டு பூவாகும். பருத்தித் துணியில் இதைச் செய்யாதீர்கள், தீப்பிடித்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. ஃபெவிகாலும் கார்ன்ஃப்ளாரும் சம அளவு எடுத்து, கொஞ்சம் எண்ணெயும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டு, சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் மெல்லிய தீயில் திரளும் வரை கிளறுங்கள். ஆறியதும் பிசைந்து, வில்லையாகத் தட்டி, அதே கோல அச்சை அதில் அழுத்துங்கள். துணியில் கோடாக விழுந்த கோலம் இங்கே பள்ளமாக விழும். உலர்ந்ததும் பொன் வண்ணம் பூசித் தொம்பையின் அடியில் கோத்துத் தொங்கவிடலாம். தண்ணீர் பட்டால் இளகிவிடும், ஆகவே துவைக்கும் துணிக்கு வேண்டாம். கண்ணாடியும் சரிகை லேஸும் மட்டும் நான் பூலேஷ்வரில் வாங்கிக்கொள்கிறேன், அவற்றை வீட்டில் செய்வதில் பலன் இல்லை.

உலர்த்துவதுதான் மும்பையில் பெரிய பாடு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றிலேயே ஈரம், நவராத்திரி வேலையும் அப்போதுதான் மும்முரம். வெயில் எட்டிப் பார்க்கும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால், எங்கள் கட்டடச் சங்கத்தார் பூட்டு போட்டுவிட்டார்கள். துணி உலர்த்தக் கூடாது, வடாம் பிழியக் கூடாது. கட்டடத்தின் அழகு கெடுகிறதாம். அதே மாடியில் கைபேசி கோபுரம் நிற்கிறது, அதற்கு வாடகை வருகிறது. மாதா மாதம் பராமரிப்புப் பணம் கட்டும் எனக்கு ஒரு கொடிக்கயிறு கட்ட உரிமை இல்லையா? கூட்டத்தில் கேட்டேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். கட்டில் மேல் கயிறு கட்டி மின்விசிறிக் காற்றில் தொம்பைத் துணி உலர்த்திப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

அச்சை வேலை முடிந்த உடனே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவிவிடுங்கள். பள்ளத்தில் வண்ணம் காய்ந்தால் மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்ளும். அழிரப்பரில் வெட்டியவற்றை பிளாஸ்டிக் டப்பாவில் நேரடியாகப் போடாதீர்கள், நாளடைவில் டப்பாவோடு ஒட்டி இளகிவிடும். காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, மேலே ஒரு முறை அச்சடித்துக் காட்டி வையுங்கள். எது எதற்குள் இருக்கிறது என்று பிரிக்காமலே தெரியும்.