விலங்குவதைச் சட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் ஒழுங்கையில் உள்ள சாப்பாட்டுக் கடையில் ஒருவர் தெருநாய் மீது கொதிதண்ணீர் ஊற்றினார். பொலிஸில் இதையெல்லாம் எடுப்பார்களா?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

எடுக்கத்தான் வேண்டும். விலங்குகளை அடிப்பதும் வதைப்பதும் இலங்கையின் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் காக்கும் வீட்டு விலங்குகளில் நாயும் ஒன்றுதான். வளர்ப்பவர் இல்லை என்பது சாட்டாகாது. “நாய்தானே, விடுங்கோ” என்று பொலிஸ் மேசையில் இருப்பவர் சொன்னால், சட்டத்தின் ஆண்டையும் இலக்கத்தையும் சொல்லுங்கள்.

ஆனால் முதல் வேலை மிருக வைத்தியரிடம் ஓடுவது. தோல் எங்கே, எவ்வளவு வெந்திருக்கிறது, எதனால் வெந்திருக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். பக்கத்துக் கடை கமராப் பதிவை அன்றைக்கே கேளுங்கள். நாள் போனால் அழிந்துவிடும். கைபேசியில் எடுத்த வீடியோவின் மூலப் பிரதியை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி தரம் குறைந்தது.

தண்டம் நூறு ரூபாதானாமே?
(வெள்ளவத்தை)

உண்மை. கூடியது நூறு ரூபா, அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். இன்று அந்தக் காசுக்கு ஒரு சோற்றுப் பார்சல்கூட வராது. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய சட்டமூலம் வரைந்தது. 2016இல் அமைச்சரவையும் அனுமதித்தது. அதைச் சட்டமாக்காமல் இத்தனை ஆண்டு இழுத்தடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்தியாவைக் காட்டி ஆறுதல்படவும் முடியாது: அங்கே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்குப் பத்து முதல் ஐம்பது ரூபாதான். நாங்கள் தண்டத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்கும் அதேவேளை, கையில் உள்ள சிறைத் தண்டனைப் பிரிவையும் வழக்குகளில் வலியுறுத்த வேண்டும்.

மேல்மாடிக்காரர் நாயைக் குட்டைச் சங்கிலியில் வெயிலிலும் மழையிலும் கட்டி வைக்கிறார். அடிப்பதில்லை.
(பம்பலப்பிட்டி)

பழைய சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். பட்டினி போட்டு வதைத்தால் பிடிக்கலாம். ஆனால் தண்ணீர், நிழல், நடக்க இடம், வைத்தியம் எல்லாம் தருவது வளர்ப்பவரின் கடமை என்று அது தெளிவாகச் சொல்லவில்லை. புதிய சட்டத்தில் முதலில் வரவேண்டியது அந்தக் கடமைதான். இப்போதைக்கு நேரில் பேசிப் பாருங்கள். மசியாவிட்டால் திகதியோடு படங்கள் சேர்த்து முறைப்பாடு செய்யுங்கள்.

எனக்குச் சிங்களம் எழுதத் தெரியாது.
(மட்டக்குளி)

தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தமிழும் அரச கரும மொழி. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் பதிந்தால், வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். அதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.