வெல்டிங் தெரியாதவர் கழிவுப் பொருள்களில் சிற்பம் செய்ய முடியுமா?

வெல்டிங் தெரியாது, வீடு நிறையப் பழைய சாமான் இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வெல்டிங்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். துத்தநாகம் பூசிய தகரத்தை வெல்டிங் செய்தால் கிளம்பும் புகையே காய்ச்சலில் தள்ளிவிடும். கம்பியும் குறடும் போதும்.

அப்புறம், கண்டதையெல்லாம் சேர்க்காமல் ஒரே பொருளை நிறையச் சேருங்கள். எல் அனட்சுயி என்ற சிற்பி கானாவில் 1944இல் பிறந்தவர், நைஜீரியாவில் வேலை செய்தவர். வீசியெறிந்த மதுப்புட்டி மூடிகளைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் தைத்துச் சுவரளவு விரிப்புகள் ஆக்கினார். துணிபோல் மடியும் என்பதால் மாட்டுகிற இடத்துக்கு ஏற்ப உருவம் மாறும். கம்பியில் தைத்ததால்தான் அந்த நெகிழ்வு. எதைக் கொண்டு இணைக்கிறோமோ அதுவே பாதி உருவத்தை முடிவு செய்துவிடுகிறது.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தோட்டங்களில் பால் மங்குகள், அதாவது ரப்பர்ப் பால் பிடிக்கிற கிண்ணங்கள், சும்மா கிடந்தன. அலுமினிய மங்கைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், பீங்கானைச் சீண்ட மாட்டார். அதுதான் என் சரக்கு. டைல்ஸ் துளைக்கும் பிட்டைப் போட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளைத்தால் உடையாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தெறிக்கும். உள்ளே ஒட்டிய பால் கறையை நான் தேய்ப்பதில்லை. முப்பது வருஷம் பால்மரம் வெட்டிய என் சின்னம்மா, "கழுவாத மங்கைத் தொங்கவிட்டுட்டு இதுக்குப் பேரு கலையா?" என்கிறார். ஆனாலும் வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது அவர்தான்.

நட்டு போல்ட்டில் ரோபோ, ஸ்பேனரில் மயில் என்று நிறையப் பேர் செய்கிறார்கள். கைத்திறன்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஸ்பேனர் எதற்கு என்பதற்குப் பதில் இல்லை. பிக்காசோ 1942இல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். இரண்டே பொருள். காளையும் தெரிகிறது, சைக்கிளும் மறையவில்லை.

வெளியில் வைப்பதென்றால் அலுமினியத்தைச் செம்புக் கம்பியால் கட்டாதீர்கள். நம் ஊர் மழையில் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம் அரித்துவிடும். அதற்கு அலுமினியக் கம்பியே சரி. பீங்கானுக்கு எந்தக் கம்பியும் ஆகும், இறுக்கி முறுக்காமல் கொஞ்சம் தளர்வாக விட்டால் போதும்.