மாரி முடிந்து ஒரு சி 90: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணன்,

மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியில் பிறந்தவன் நான். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். இங்கே பனி கரையத் தொடங்கிவிட்டது. ஒக்டோபரில் பெற்றோல் கெடாமலிருக்க மருந்து விட்டு மூடிவைத்த பைக்கைப் போன சனிக்கிழமை வெளியே எடுத்தேன். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜில் வைத்திருந்தபடியால் உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் பனிக்குப் போட்ட உப்பு ரோட்டில் இன்னும் கிடக்கிறது. இரண்டு நல்ல மழை அதைக் கழுவட்டும் என்று காத்திருக்கிறேன்.

பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் ஹொண்டா சி 90 நினைவுக்கு வந்தது. குறுமண்வெளியில் பாதையில், அதுதான் வாவியைக் கடக்கிற மிதவையில், ஏற்றிக்கொண்டு மண்டூர்ப் பக்கம் வட்டைக்கு, எங்கள் வயலுக்கு, போவார். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். பைக் வீட்டு விறாந்தையில் அப்படியே நிற்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்கு வருகிறேன். இரும்புக்கு விற்றுவிடு என்கிறார்கள் உறவுக்காரர்கள். அதை ஓடவைக்க முடியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

விற்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குப் பனிக்காலம் என்றால் எங்களுக்கு மாரி. கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் பைக்குகள் பாதி நாள் நனைந்துகொண்டே நிற்கும். மாசியில் வெயில் ஏற, வேளாண்மை வெட்டு நடக்கிற அதே நாட்களில், கராஜ் வாசல்களிலும் கூட்டம் ஏறும். பிறேக் டிரம்முக்குள் சேறு, செயினில் துரு, கேபிளுக்குள் தண்ணீர். அங்கே ரோட்டில் கொட்டுகிற உப்பு. இங்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறபடியால் காற்றிலேயே உப்பு. மழை விட்டதும் நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, செயினுக்கும் கேபிள்களுக்கும் ஒயில் காட்டாத பைக் அடுத்த மாரிக்குத் தாங்காது.

இதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் என் ஹொண்டா சி.டி. 125 சீற் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. இரண்டு சிலிண்டர் என்ஜின், அடங்கின சத்தம், நான் ஆசைப்பட்டு வாங்கிய பைக். தண்ணீர் வடிந்த அன்றே அவசரப்பட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணினேன். எடுத்துவிட்டது. அந்தச் சந்தோசத்தில் இரண்டு மைல் ஓடினேன். பிறகு உள்ளே உரசுகிற சத்தம். ஒயிலைத் திறந்தபோது பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்த ஒயில் எதையும் காப்பாற்றாது. வால்வைத் திறக்கிற கேம் தேய்ந்துபோயிருந்தது. ஒயிலை மட்டும் முதலில் மாற்றியிருந்தால் அந்த என்ஜின் பிழைத்திருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

அதற்குப் பிறகு வாங்கிய ஹொண்டா எம்.டி. 90தான் இப்போதும் என்னிடம். ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்த சிவப்பு பைக். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்து பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றபோது, பெரிய பைக் வைத்திருந்தவர்கள் புதன்கிழமையோடு தள்ளத் தொடங்கினார்கள். எனக்கு அந்த 4 லீற்றரில் கிழமை முழுக்க ஓடிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வகுப்புக்கும் ஏற்றிப்போக முடிந்தது. உங்கள் அப்பாவின் சி 90உம் இதே குடும்பம்தான். 1958இல் வந்த ஹொண்டா சுப்பர் கப்பின் வழி. 2017இல் அந்த வரிசையில் 10 கோடியாவது வண்டியைச் செய்து முடித்தார்கள். இடது கைக்குக் கிளச் பிடி கிடையாது. சாப்பாடு கொண்டுபோகிறவன் ஒற்றைக் கையால் ஓட்டட்டும் என்றுதான் அப்படி அமைத்ததாகச் சொல்வார்கள்.

சரி, ஆறு வருடம் நின்ற பைக்கை என்ன செய்வது? வந்த அன்றே உதைக்காதீர்கள். சீற்றைத் தூக்கினால் கீழே டாங்கி. பழைய பெற்றோல் முழுவதையும் இறக்குங்கள். அது பிசின் மாதிரி ஆகியிருக்கும். உள்ளே துரு இருந்தால் சின்ன நட்டுகளும் வினாகிரியும் போட்டுக் குலுக்கிக் கழுவ வேண்டும். காபரேட்டரைக் கழற்றி, பெற்றோல் போகிற ஜெட்டின் துளைகளை ஊதித் திறக்க வேண்டும். நின்ற பைக் எடுக்காததற்குப் பெரும்பாலும் அந்த ஊசித்துளைதான் காரணம். பிறகு ஒயில். ஒரு லீற்றரும் பிடிக்காது, கஞ்சப்பட வேண்டாம். கார் ஒயில் மட்டும் விட்டுவிடாதீர்கள். கிளச் அந்த ஒயிலுக்குள்தான் ஓடுகிறது, வழுக்கும். பிளக்கைக் கழற்றி அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, பிளக் இல்லாமலே மெதுவாகப் பத்துத் தரம் கிக்கை மிதியுங்கள். பிஸ்டன் அசைந்தால் பாதி வேலை முடிந்தது.

பிளக்கில் நெருப்புப் பொறி வராவிட்டால், அந்தப் பொறியை உண்டாக்குகிற தொடுமுனையான பொயின்ட்டைப் பாருங்கள். உப்புக் காற்றில் பூத்திருக்கும். மெல்லிய அரத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். பிளக் இடைவெளி 0.6 இலிருந்து 0.7 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். பழைய மொடல் என்றால் 6 வோல்ட்டாக இருக்கக்கூடும். பற்றரியில் பார்த்துவிட்டுப் பல்ப் வாங்குங்கள்.

டயர் பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. ஆறு வருடம் ஒரே இடத்தில் நின்ற ரப்பரை நம்பி ஓடக்கூடாது. செயின் உறைக்குள் மூடி இருக்கிறபடியால் நன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். உறையில் இருக்கிற ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் அமுக்கிப் பாருங்கள், ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தொய்வு போதும்.

பெயின்ற் அடிக்க ஆள் தேடாதீர்கள், இது என் ஆசை. பாதையில் ஏற்றும்போது பட்ட கீறலும், நெல்மூட்டை கட்டின கயிறு பின் கரியரில் தேய்த்த இடமும் அப்படியே இருக்கட்டும். ரோட்டில் இறக்கமுதல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரத்தையும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத்தையும் விசாரியுங்கள். இன்சூரன்சும் புகைப் பரிசோதனையும் வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும், அம்மாவிடம் சொல்லிப் பைக்கின் பதிவுப் புத்தகத்தை இப்போதே தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

வாவியின் இன்னொரு துறையான மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது. குறுமண்வெளியில் பாதைதான் ஓடுகிறது. வருடப்பிறப்புக்கு மூன்று நாள் முந்தி வாருங்கள். பொயின்ட் அளக்கிற தகட்டையும், தகரப் பேணிக்குள் கிடக்கிற இரண்டு 6 வோல்ட் பல்ப்பையும் கொண்டு நான் களுவாஞ்சிகுடிக்கு வருகிறேன். எடுத்துவிட்டால் நீங்கள் சி 90இல் முன்னால் போங்கள், நான் பின்னால் வருகிறேன். மண்டூர்க் கரையில் இறங்கி அப்பாவின் வட்டை வரைக்கும் போய்விட்டு வருவோம்.